இரும்பு மாப்பிள்ளை மறுபடியும் பேசுகிறார்

எழுபத்தி நாலு வயசுல பொஹூஷ் ஒரு பெரிய முடிவு எடுத்தாரு. வீட்டுல கேக்காம எடுத்தாரு. அந்த முடிவுலயே அதுதான் பெரிய விஷயம்.

எடுத்த இடம் பியர் கடை. வியாழக்கிழமை சாயங்காலம், வழக்கமான மூலை மேஜை, ப்ராக் நகரத்தை விட்டுத் தள்ளி இருக்கற எங்க ஊரு அமெச்சூர் நாடகக் குழுவோட கமிட்டி மீட்டிங். ஊராட்சி ஆபீஸ்ல நல்ல ஹால் இருக்கு. அங்க மீட்டிங் வெச்சா யாரும் வர மாட்டாங்க.

அன்னைக்கு விஷயம், 'இரும்பு மாப்பிள்ளை' நாடகத்துக்கு நூறு வயசு.

எங்க ஊரு மருந்துக் கடைக்காரர் ஒருத்தர் 1926ல எழுதின நாடகம் அது. கதை நடக்கறது ரெண்டாயிரமாம் வருஷத்துல. சொன்ன பேச்சைக் கேக்கற மாப்பிள்ளை ஊருல ஒருத்தனும் இல்லைன்னு, ஒரு புரொபசர் தன் பொண்ணுக்கு இரும்புல ஒண்ணு செஞ்சு கொடுக்கறாரு. அதுவும் ரெண்டு அங்கம் வரைக்கும் சொன்னதெல்லாம் செய்யுது. மூணாவது அங்கத்துல கண்ணு ரெண்டும் சிவப்பு பல்பா எரிய, "இன்னையில இருந்து அடுத்தவங்க சொல்லிக் கொடுத்து நான் பேச மாட்டேன்!"னு ஆரம்பிச்சு ஏழு நிமிஷம் விடாம பேசுது. எழுதும்போது மருந்துக் கடைக்காரருக்குப் புதுசா கல்யாணம் ஆகியிருந்துச்சு.

கடைசியா மேடை ஏறினது 1976ல. அன்னைக்கு இரும்பு மாப்பிள்ளை நம்ம பொஹூஷ். புரொபசரா நடிச்சது ஹினெக், இன்னைக்கும் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். நடிச்ச பதினோரு பேருல இப்ப ஊருல இருக்கறது இந்த ரெண்டு பேரும்தான். மாப்பிள்ளையோட தகர உடம்பு பொஹூஷோட காட்டுக் குடிசையில, பன்னிக்கறி புகை போடற அடுப்புக்குப் புகைபோக்கியா நிக்குது. அதனால மேடையில போட வழியே இல்ல.

"போட்டோ கண்காட்சி வெச்சிடலாம்," அப்படின்னாங்க ஷிம்கோவா அம்மா. குழுத் தலைவி. போஸ்ட் ஆபீஸ்ல முப்பது வருஷம் முத்திரை குத்தினவங்க, பேசறதும் அப்படித்தான். "அப்புறம் கலையரங்கத்துல முன் வரிசை நடு நாற்காலியில ஒரு பித்தளைத் தகடு அடிக்கப் போறோம். நாடகத்தைத் தூக்கி நிறுத்தின ஒருத்தர் பேரு. ஒரே ஒரு பேரு."

ஹினெக் தாடியைத் தடவிக்கிட்டாரு. "புரொபசர் செய்யலேன்னா மாப்பிள்ளை ஏது? யோசிச்சுப் பாருங்க."

பொஹூஷுக்கு நாலாவது பியர் சுர்ருன்னு ஏறிச்சு. எழுந்திரிச்சு நின்னாரு.

"போட்டோவாவது, மண்ணாவது! முழு நாடகத்தையும் நான் கம்ப்யூட்டர்ல அனிமேஷனாப் பண்றேன். பழைய குரல், புது உடம்பு. இரும்பு மாப்பிள்ளை மறுபடியும் பேசுவான்!"

கடையே கை தட்டிச்சு. உக்காந்த அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்துச்சு. ரிட்டயர் ஆனவங்களுக்கு நூலகத்துல நடத்தின கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஆறு செவ்வாய்க்கிழமை போயிருக்காரு. ஒரு கோழியை ரோட்டைத் தாண்ட வெச்சிருக்காரு. கோழி பாதி ரோடு வரைக்கும் போச்சு.

வீட்டுல லிபுஷே அடுப்படியில இருந்தாங்க. வேகவெச்ச க்னெட்லிக் மாவு உருளையை நூலால துண்டு துண்டா அறுத்துக்கிட்டிருந்தாங்க. பொஹூஷ் விஷயத்தைச் சொல்லி முடிக்கற வரைக்கும் நூலு நிக்கல.

"நீ? அனிமேஷன்?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. போன வாரம் டிவி ரிமோட்டை ஃப்ரிட்ஜுல வெச்சது வேற ஆளு போலிருக்கு."

"அது கவனக் குறைவு. இது கலை."

"தகடு எத்தனை?"

"ஒண்ணு." சொன்ன அப்புறம்தான் பொஹூஷ் முழிச்சாரு. "தகடுன்னு நான் சொல்லவே இல்லையே!"

"நீ வர்றதுக்கு முன்னாடியே ஹினெக் பொண்டாட்டி வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து சொல்லிட்டா. குரலுக்கு என்ன பண்ணப் போற?"

"எழுபத்தியாறுல ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் டேப்புல பதிவு பண்ணினாரே, அதைத் தேடணும்."

"தேட வேண்டாம். பரண்ல, கிறிஸ்மஸ் பெட்டிக்குக் கீழே, பச்சைத் தகர டப்பாவுல இருக்கு. கேட்டுட்டு அழாத."

"நான் எதுக்கு அழணும்?"

லிபுஷே தட்டை எடுத்து வெச்சாங்க. குழம்பை ஊத்தினாங்க.

இங்க லிபுஷே பத்தி ஒரு வார்த்தை. அவங்க அந்தக் குழுவுல முப்பத்தி மூணு வருஷம் பிராம்ப்டர். மேடை முன்னால, நடுவுல, தரையில ஒரு பொந்து மாதிரி பெட்டி இருக்கும். முதுகு ஜனங்க பக்கம், வாய் மேடை பக்கம். அதுக்குள்ள ஒரு ஸ்டூலு, ஒரு சின்ன விளக்கு, கையில நாடகப் புத்தகம். நடிகன் தடுமாறினா வசனத்தைக் கிசுகிசுன்னு எடுத்துக் கொடுக்கணும். ஜனங்களுக்குக் கேக்கக் கூடாது. முக்கியமா, யாரு மறந்தான், எங்க மறந்தான்னு வெளியே மூச்சு விடக் கூடாது. லிபுஷே விட்டதே இல்ல. ஐம்பது வருஷமா பொஹூஷ் பியர் கடையில "ஏழு நிமிஷ வசனம், ஒரு எழுத்து தப்பல! நானா பேசினேன்!"னு முழங்கும்போதும் விடல.

ஞாயித்துக்கிழமை காலையில பொஹூஷ் நூலகத்துல இருந்து பழைய டேப் ரெக்கார்டர் ஒண்ணை இரவல் வாங்கிட்டு வந்து ஓட விட்டாரு. லிபுஷே பக்கத்துல உருளைக்கிழங்கு சீவிக்கிட்டிருந்தாங்க.

கர்ர்ருன்னு ஒரு சத்தம். அப்புறம் காதுக்குள்ளயே யாரோ வந்து உக்காந்த மாதிரி, ஒரு பொண்ணோட குரல், தெள்ளத் தெளிவா:

"நான் இரும்பு."

அதுக்கப்புறம் ரொம்ப தூரத்துல, ஆத்துக்கு அந்தக் கரையில மாடு கத்தற மாதிரி:

"நான் இரும்பு!"

"எனக்கு வலி கிடையாது."

"எனக்கு வலி கிடையாது!"

"வலது கையைத் தூக்கு. அது இடது. வலது."

தூரத்துல தகரம் கடகடன்னு ஆடுச்சு.

பொஹூஷ் டேப்பை நிறுத்தினாரு. "இது... யாரு?"

"இருபத்தி ரெண்டு வயசு லிபுஷே," அப்படின்னாங்க எழுபத்தி ரெண்டு வயசு லிபுஷே. "வாத்தியாருக்கு மேடையில கரண்ட் பிளக் கிடைக்கல. என் விளக்குக்கு மட்டும்தான் ஒண்ணு இருந்துச்சு. மைக்கைக் கொண்டாந்து என் பெட்டிக்குள்ள வெச்சிட்டுப் போயிட்டாரு. என் மடியிலதான் இருந்துச்சு."

"முழு நாடகமும் இப்படித்தானா?"

"மூணாவது அங்கம் இன்னும் நல்லா இருக்கும்."

போட்டாரு. "இன்னையில இருந்து அடுத்தவங்க சொல்லிக் கொடுத்து நான் பேச மாட்டேன்," அப்படின்னு லிபுஷே சொல்லிக் கொடுத்தாங்க. "பேச மாட்டேன்!"னு மாப்பிள்ளை பேசினாரு.

கணக்குப் பாத்தாரு பொஹூஷ். அவருக்கு மொத்தம் இருநூத்திப் பதினோரு வசனம். அதுல கிசுகிசு நூத்தித் தொண்ணூத்தி எட்டு.

"பாத்தியா! பதிமூணு நானாப் பேசியிருக்கேன்!"

"அதெல்லாம் 'ஆமாம்'னு மட்டும் வர்ற வசனம்."

பொஹூஷ் அழல. ஆனா அன்னைக்கு உருளைக்கிழங்கு சாப்பிடல. இந்த டேப்பு அப்படியே வெளிய போச்சுன்னா ஐம்பது வருஷ மானம் ஒரே மத்தியானத்துல போயிடும். தகடு ஹினெக்குக்குப் போயிடும். அவன் தினமும் வேலியில சாஞ்சு நின்னு அதைப் பத்தியே பேசுவான்.

குளிர்காலம் வந்துச்சு. பொஹூஷ் படுக்கையறை மூலையில கம்ப்யூட்டரை வெச்சு வேலையை ஆரம்பிச்சாரு. மனுஷன் சோம்பேறி இல்ல. சர்க்கரை ஆலையில நாப்பது வருஷம் ஃபிட்டரா இருந்தவரு. பனியில காட்டுக் குடிசைக்குப் போய்ப் புகைபோக்கியை அளந்துட்டு, மூஞ்சியெல்லாம் கரியா திரும்பி வந்தாரு. ஒவ்வொரு ஆணியையும் ஒவ்வொரு தகட்டையும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சாரு. இரும்பு மாப்பிள்ளை திரையில எழுந்து நின்னான். தோள் மட்டும் பழைய அளவை விட ரெண்டு மடங்கு.

ஹினெக் ஒருநாள் எட்டிப் பாத்தாரு.

"ஏன்யா பொஹூஷ், புரொபசர் மாப்பிள்ளைக்கு முழங்கால் உயரம்தான் இருக்காரு?"

"தூரத்துல நிக்கற, ஹினெக். தூரத்துல நின்னா அப்படித்தான் தெரியும்."

"இங்க தோள்ல கை போட்டிருக்கேனே?"

"எட்டிப் போட்டிருக்க."

"என் மூக்கு மட்டும் இவ்வளவு பெருசா இருக்கே?"

"மூக்கு மட்டும் பக்கத்துல இருக்கு."

உடம்பு வந்தாச்சு. அடுத்தது வாய். குரலைக் கொடுத்தா பொம்மையோட வாய் அதுவா அசையற மாதிரி ஒரு வசதி அதுல இருந்துச்சு. டேப்பைக் கொடுத்தாரு. மாப்பிள்ளை ஒவ்வொரு வசனத்தையும் ரெண்டு தடவை பேசினான். முதல் தடவை பொம்பளைக் குரல்ல. பொஹூஷ் பின்னால திரும்பிப் பாத்தாரு. வாசல்ல லிபுஷே துணிக் கூடையோட நின்னாங்க.

"எனக்குப் பிடிச்சிருக்கு," அப்படின்னுட்டுப் போனாங்க.

அன்னைக்கே பொஹூஷ் திட்டம் போட்டாரு. கிசுகிசுவை வெட்டிடணும். மொத்தமா. கம்ப்யூட்டர்ல 'தேவையில்லாத சத்தத்தை நீக்கு'ன்னு ஒரு பொத்தான் இருந்துச்சு. அமுக்கினாரு. கம்ப்யூட்டர் நல்லா யோசிச்சு, பொஹூஷ் குரலை நீக்கிட்டு லிபுஷே குரலை வெச்சிக்கிச்சு.

அப்புறம் கையாலயே ஆரம்பிச்சாரு. ஒரு நாளைக்கு மூணு கிசுகிசு, நாலு கிசுகிசு. கடைசி பனி உருகறப்போ நூத்தித் தொண்ணூத்தி எட்டும் போச்சு. தூரத்து மாட்டுக் குரலைத் தூக்கிப் பெருசாக்கினாரு. இப்ப கேட்டா கர்ஜனை.

ஒரே ஒரு சிக்கல். கிசுகிசு இருந்த இடமெல்லாம் காலியா நின்னுச்சு. புரொபசர் கேள்வி கேப்பாரு. மாப்பிள்ளை சும்மா நிப்பான். நாலு செகண்டு, ஆறு செகண்டு, ஒரு இடத்துல பதினோரு செகண்டு. அப்புறம்தான் பதில். இடைவெளியையும் வெட்டினா, ஜனங்க இருமறது சிரிக்கறது எல்லாம் துண்டு துண்டா ஓடுச்சு. பொஹூஷ் தலையைச் சொறிஞ்சாரு. அப்புறம் அந்தக் காலி இடத்துல எல்லாம் மாப்பிள்ளையோட தலையை மெதுவாத் திருப்பினாரு. கண்ணுல பல்பை மெதுவா ஏத்தினாரு. போட்டுப் பாத்தாரு. அவருக்கே புல்லரிச்சுச்சு. மறந்து போய் நிக்கறவன் மாதிரியே இல்ல. உலகத்தையே எடை போடறவன் மாதிரி இருந்துச்சு.

மே மாசம் பேருப் பட்டியல் தயாராச்சு. படம் முடிஞ்சதும் ஓடற பட்டியல். லிபுஷே காப்பியோட வந்து கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சாங்க. நடிச்சவங்க பதினோரு பேரு. தகரம் அடிச்சவரு. துணி தெச்சவங்க. திரை இழுத்தவரு. இடைவேளையில பியர் ஊத்தினவரு.

"இதுல பிராம்ப்டர் எங்க?"

"அது வந்து, லிபூஷ்... படத்துல பிராம்ப்டரே இல்லையே. குரல் இருந்தாத்தானே பேரு போட முடியும்?"

"என் குரல் எங்க போச்சு?"

"கம்ப்யூட்டர் கணக்குப்படி அது ஒரு மாதிரி... தேவையில்லாத சத்தம்."

லிபுஷே கண்ணாடியைக் கழட்டினாங்க. துடைச்சாங்க. மறுபடி போட்டுக்கிட்டாங்க.

"சரி," அப்படின்னாங்க.

பொஹூஷ் வெற்றிக்களிப்புல காப்பியைக் குடிச்சாரு. நாப்பத்தி ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினவரு, அந்த 'சரி'யைக் கேட்டதும் காப்பியைக் கீழ வெச்சிருக்கணும்.

செப்டம்பர் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குக் கலையரங்கத்துல படம்னு ஊரெல்லாம் நோட்டீஸ். அதுக்கு முந்தின வாரம் ஷிம்கோவா அம்மா போன் பண்ணினாங்க.

"தகடு யாருக்குன்னு படம் முடிஞ்சதும் கமிட்டி சொல்லும். ஒருவேளை உங்களுக்குன்னா, மேடையேறி ரெண்டு வார்த்தை பேசணும். பேப்பரைப் பாத்துப் படிச்சு மானத்தை வாங்காதீங்க. நானாப் பேசினேன்னு ஐம்பது வருஷமா சொல்றவரு நீங்க."

பொஹூஷ் நாலு பக்கம் எழுதினாரு. மனப்பாடம் பண்ணினாரு. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் பண்ணினாரு. தோட்டத்துல பிளம்ஸ் மரத்தைச் சுத்திச் சுத்தி நடந்து பண்ணினாரு. "அன்புள்ள ஊர் மக்களே"ங்கறது வரைக்கும் நல்லா வந்துச்சு. அதுக்கப்புறம் மரம்தான் தெரிஞ்சுது.

சனிக்கிழமை லிபுஷே அடுப்படியில பிளம்ஸ் கொட்டையை எடுத்துக்கிட்டிருந்தாங்க. நாலு கூடை. அடுத்த நாளுக்கு அடுத்த நாள் பெரிய அண்டாவுல ஏத்தி, விடியறதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் கையெடுக்காம கிண்டணும். அப்பத்தான் பழக்கூழு கறுப்பா, கெட்டியா வரும். கிண்டறது எப்பவும் லிபுஷே. ருசி பாக்கறது எப்பவும் பொஹூஷ்.

"லிபுஷ்கா..."

லிபுஷே நிமிர்ந்து பாத்தாங்க. 'லிபூஷ்' வந்தா செய்தி. 'லிபுஷ்கா' வந்தா விண்ணப்பம்.

"என்ன வேணும்?"

"அந்தப் பிராம்ப்டர் பெட்டி இன்னும் மேடையில இருக்கில்ல?"

"இருக்கு."

"படம் முடிஞ்சு விளக்குப் போடறதுக்குள்ள நீ அதுல போய் உக்காந்துக்கிட்டா... இந்த நாலு பக்கத்தையும் மெதுவா..."

"எழுபத்தி ரெண்டு வயசுல அந்தப் பொந்துக்குள்ள இறங்கச் சொல்ற."

"மெத்தை போட்டு வெக்கிறேன்."

"நான் தேவையில்லாத சத்தம்னு சொன்னியே?"

"அது கம்ப்யூட்டர் சொன்னது! நான் சொல்லல!"

லிபுஷே ஒரு பிளம்ஸ் கொட்டையை உருவி டப்பாவுல போட்டாங்க.

"சரி. ஆனா ஒண்ணு. நடுவுல உன் சொந்தச் சரக்கை எடுத்து விட்டா எனக்குப் பக்கம் தவறிடும். நான் சொல்றதை மட்டும் சொல்லணும்."

"நீ சொல்றதை மட்டும்தான் சொல்வேன். சத்தியமா."

"தெரியும்," அப்படின்னாங்க லிபுஷே.

தெரியாம என்ன? எழுபத்தி ஏழுல ஊராட்சி ஆபீஸ்ல இவங்க கல்யாணம். "இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்கச் சம்மதமா?"ன்னு ஆபீசர் கேட்டாரு. பொஹூஷ் விட்டத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு. பக்கத்துல இருந்து "சம்மதம்"னு ஒரு கிசுகிசு. "சம்மதம்!"னு பொஹூஷ் முழங்கினாரு. நடிகனுக்கு அது ஒரு வியாதி. பழகின கிசுகிசு காதுல விழுந்தா மூளை வழியா போகாது, நேரா வாய்க்கு வந்துடும்.

ஞாயித்துக்கிழமை அரங்கம் நிறைஞ்சு வழிஞ்சுது. விளக்கு அணைஞ்சுது. இரும்பு மாப்பிள்ளை திரையில நடந்து வந்தான். எங்க ஊரு அப்படி ஒரு தோளைப் பாத்ததே இல்ல. ஹினெக்கோட புரொபசர் கேள்வி கேட்டாரு. மாப்பிள்ளை பேசல. தலை மெதுவாத் திரும்பிச்சு. பல்பு மெதுவா ஏறிச்சு. ஆறு செகண்டு. அரங்கத்துல ஒரு இருமல் இல்ல.

"நான் இரும்பு!"

அம்மாடி! ஜனங்க சீட்டுல பின்னால சாஞ்சாங்க.

பொஹூஷ் இருட்டுல காதைத் தீட்டிக்கிட்டாரு. பின் வரிசையில யாரோ பேசினாங்க. "வசனத்தை விடு, அந்த மௌனத்தைப் பாருய்யா." "ப்ராக்ல தேசிய அரங்கத்துலகூட இப்படி நிறுத்திப் பேசறவன் கிடையாது." பதினோரு செகண்டு மௌனத்துக்கு நடுவுலயே கை தட்டினாங்க. ஹினெக் மூக்கைத் தடவிப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

படம் முடிஞ்சுது. பேருப் பட்டியல் ஓடுச்சு. பியர் ஊத்தினவரு பேருக்குக்கூட விசில் பறந்துச்சு. விளக்கு வந்துச்சு. ஷிம்கோவா அம்மா மேடையில நின்னாங்க.

"கமிட்டி ஒரே மனசா முடிவு பண்ணிடுச்சு. அந்த மௌனங்களுக்காகவே தகடு பொஹூஷுக்கு. நாளைக்குப் பேரு பொறிக்கப் போகுது. மேல வாங்க!"

பொஹூஷ் ஏறினாரு. மைக்கைப் பிடிச்சாரு. காலுக்குக் கீழே பெட்டிக்குள்ள சின்ன விளக்கு. மெத்தையில லிபுஷே. மூக்குல கண்ணாடி. மடியில நாலு பக்கம்.

"அன்புள்ள ஊர் மக்களே," அப்படின்னாரு. இது சொந்தமா.

அதுக்கப்புறம் விட்டம் தெரிஞ்சுது. கீழே பாத்தாரு.

"ஐம்பது வருஷம் முன்னாடி இதே மேடையில நின்னேன்," அப்படின்னுச்சு கிசுகிசு.

"ஐம்பது வருஷம் முன்னாடி இதே மேடையில நின்னேன்!"

கை தட்டல். பொஹூஷுக்கு நெஞ்சு விரிஞ்சுது. எழுதினபடியே போகுது. லிபுஷே மாதிரி பிராம்ப்டர் உலகத்துலயே கிடையாது.

"ஒரு வசனம்கூட எனக்கு ஞாபகம் இல்ல."

"ஒரு வசனம்கூட எனக்கு ஞாபகம் இல்ல!"

இது எழுதினது இல்லையேன்னு மூளை சொல்றதுக்குள்ள வாய் முடிச்சிருந்துச்சு. அரங்கம் கப்சிப். பொஹூஷ் குனிஞ்சு முறைச்சாரு. லிபுஷே பக்கத்தைத் திருப்பினாங்க.

"நீங்க இப்ப கை தட்டின ஒவ்வொரு மௌனமும், என் பொண்டாட்டி குரல் இருந்த இடம்."

பொஹூஷ் வாயை மூடிக்கிட்டாரு. பல்லைக் கடிச்சாரு. செத்தாலும் சொல்ல மாட்டேன். ஒரு செகண்டு, ரெண்டு செகண்டு, அஞ்சு செகண்டு. முகம் சிவந்துச்சு. தலை தானா மெதுவாத் திரும்பிச்சு.

"ஆஹா, பாரு பாரு," அப்படின்னுச்சு முன் வரிசை. "அந்த மௌனம்! நேர்லயே பண்றாரு!"

முந்நூறு பேரு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. யாரும் உதவிக்கு வரல. கீழே மறுபடி அதே வரி, அதே நிதானம். ஐம்பது வருஷப் பழக்கம். வாய் திறந்துக்கிச்சு.

"நீங்க இப்ப கை தட்டின ஒவ்வொரு மௌனமும்... என் பொண்டாட்டி குரல் இருந்த இடம்!"

ஒரு கிழவி கைக்குட்டையை எடுத்தா.

"நூத்தித் தொண்ணூத்தி எட்டு இடம். நான்தான் வெட்டினேன்."

"நூத்தித் தொண்ணூத்தி எட்டு இடம்! நான்தான் வெட்டினேன்!"

குரல் உடைஞ்சுது. கோவத்துல உடைஞ்சுது. ஜனங்களுக்கு அது தெரியாது. அவரு வாழ்க்கையிலயே அதுதான் உச்சக்கட்ட நடிப்புன்னு இன்னைக்கும் எங்க ஊருல பேசிக்கறாங்க.

"தகடுல இருக்க வேண்டியது அவ பேரு. லிபுஷே நோவாகோவா, பிராம்ப்டர்."

சொன்னாரு. அரங்கம் மொத்தமா எழுந்திரிச்சுது. ஷிம்கோவா அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, கையில இருந்த துண்டுக் காகிதத்துல பேரை அடிச்சுத் திருத்தி எழுதினாங்க. "பெரிய மனசுய்யா உனக்கு!"ன்னு முதல் ஆளா கத்தினது ஹினெக். தனக்குக் கிடைக்கல, ஆனா இவனுக்கும் கிடைக்கலங்கற சந்தோஷம் அந்த மூக்கு முழுக்கத் தெரிஞ்சுது.

பொஹூஷ் மைக்கை விட்டுட்டு ஓடப் பாத்தாரு. கீழ இருந்து கடைசியா ஒண்ணு வந்துச்சு.

"நாளைக்குப் பழக்கூழு நான்தான் கிண்டப் போறேன். நாலு கூடையும்."

"நாளைக்குப் பழக்கூழு நான்தான் கிண்டப் போறேன்! நாலு கூடையும்!"

பொம்பளைங்க சிரிச்ச சிரிப்புல கூரையே பறந்துச்சு.

பெட்டியில இருந்து லிபுஷேயை நாலு பேரு கை கொடுத்துத் தூக்கிவிட்டாங்க. பூ கொடுத்தாங்க. அவங்க யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லல. நன்றின்னு மட்டும் சொன்னாங்க. அதுவும் மெதுவா.

வீட்டுக்கு வர்ற வழியில பொஹூஷ் ரெண்டடி முன்னாலயே நடந்தாரு. ஆத்துப் பாலம் வந்ததும் தாங்க முடியல.

"ஏன் லிபூஷ்? முப்பத்தி மூணு வருஷமா பெட்டியில நடந்ததை ஒரு வார்த்தை வெளிய விட்டதில்லையே நீ! இன்னைக்கு முந்நூறு பேரு முன்னாடி இப்படிச் சொல்லலாமா?"

லிபுஷே பூங்கொத்தை இடது கைக்கு மாத்திக்கிட்டாங்க.

"நான் உனக்கு மட்டும் கேக்கற மாதிரிதான் சொன்னேன், பொஹூஷ். மைக்குல சொன்னது நீ."